தலையும் தலையும் மோதும்போது: புதிய கால்பந்து நடுவருக்கு

கார்னரிலிருந்து பந்து வளைந்து வருகிறது. இரண்டு பேர் எம்புகிறார்கள். தேங்காயைத் தேங்காயோடு மோதியது போல ஒரு சத்தம். இருவரும் தரையில். ஒருவர் புருவத்திலிருந்து ரத்தம் வழிகிறது. இந்தப் பக்கத்துப் பயிற்சியாளர் "ஃபவுல்!" என்று கத்துகிறார், அந்தப் பக்கத்தவர் "அவன் பந்தைத்தானே பார்த்தான்!" என்று கத்துகிறார். விசில் உங்கள் கையில் இருக்கிறது.

பள்ளி ஆட்டங்களிலும் ஞாயிற்றுக்கிழமை மன்ற ஆட்டங்களிலும் இப்போதுதான் நடுவராக நிற்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பந்து கையில் படுவது, ஆஃப்சைடு பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் ஒருவருடைய உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய இந்த மோதலைப் பற்றிப் புதியவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

தொடக்க காலத்தில் நான் நின்ற ஒரு பள்ளி ஆட்டத்தில், ரத்தம் வந்த பையனின் அணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தேன். அது தவறான தீர்ப்பு. முன்னால் நின்ற பையன் நின்ற இடத்திலேயே எம்பிப் பந்தை முட்டிவிட்டான். பின்னாலிருந்து ஓடிவந்தவன் ஒரு நொடி தாமதமாக எம்பி, தன் புருவத்தை முன்னவனின் பின்மண்டையில் கொண்டுபோய் இடித்துக்கொண்டான். புருவத்தின் தோல் எலும்பை ஒட்டி இருப்பது, சுருக்கென்று பிளந்துவிடும். பின்மண்டையில் வரும் வீக்கமோ முடிக்குள் மறைந்துவிடும். நான் ரத்தத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னேன். அடிபட்டவனைத் தண்டித்து, இடித்தவனுக்குப் பந்தைக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: இங்கே கேள்விகள் இரண்டு. ஆள் எப்படி இருக்கிறார்? தவறு யாருடையது? முதல் கேள்விக்கான பதிலைக் கொண்டு இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டாவது கேள்விக்காக முதலாவதைக் காக்க வைக்கவும் கூடாது.

பந்து வானத்தில் இருக்கும்போதே

தலை மோதலைச் சரியாகக் கணிப்பது மோதலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கோல்கீப்பர் நெடுந்தூரம் உதைத்த பந்தோ கார்னரோ மேலே இருக்கும்போது எல்லோருடைய கண்ணும் பந்தின் பின்னால் போகும். உங்கள் கண் போகக் கூடாது. பந்து எங்கே இறங்கும் என்று ஒரு பார்வையில் கணித்துவிட்டு, அந்த இடத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். யார் ஏற்கெனவே அங்கே நிற்கிறார், யார் ஓடிவருகிறார், எந்தக் கோணத்தில் வருகிறார் என்பதுதான் பிறகு உங்களுக்குத் தேவைப்படும் சாட்சியம்.

நிற்கும் இடமும் முக்கியம். இரண்டு வீரர்களுக்கும் நேர் பின்னால் நின்றால் இரண்டு முதுகுகள் மட்டுமே தெரியும். பக்கவாட்டில் நின்றால்தான் இருவருக்கும் இடையிலிருந்த இடைவெளி தெரியும். அந்த இடைவெளியை யார் மூடினார் என்பதே பாதித் தீர்ப்பு. உதவி நடுவர் இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள்: "உங்கள் பக்கத்தில் தலை மோதல் நடந்தால், யார் தாமதமாக வந்தார் என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்."

விசில்

தலை மோதிய சத்தம் கேட்டால் விசில் அடியுங்கள். காயம் லேசானதென்றால் பந்து வெளியே போகும்வரை ஆட்டத்தைத் தொடரவிடலாம், கடுமையானதென்றால் நிறுத்த வேண்டும் என்று விதி 5 சொல்கிறது. தலைக்காயம் எதையும் நான் லேசானது என்று எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்வான்டேஜ் கொடுத்து, அதாவது ஃபவுலுக்கு நிறுத்தாமல் ஆடவிட்டுப் பார்ப்போம் என்ற எண்ணம் இங்கே வேண்டாம். ஆள் எழுந்து நிற்கிறாரே என்று ஏமாறவும் வேண்டாம். எழுந்து நின்றபடியே நினைவு தடுமாறிக்கொண்டிருக்கலாம்.

விசில் அடித்ததும் முதலுதவிக்காரரைக் கையசைத்து அழையுங்கள். அவர் ஓடிவரும் அந்தச் சில விநாடிகளில், யாரோடும் பேசாமல், கண்ணில் பதிந்த காட்சியை மனதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பேசத் தொடங்கினால் வீரர்கள் சொல்லும் காட்சி உங்கள் காட்சியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

தவறு யாருடையது

கால்பந்து விதிகளில் "தலை மோதல்" என்ற பெயரில் குற்றம் எதுவும் இல்லை. விதி 12 சொல்லும் குற்றங்களில் எதிராளியின் மீது பாய்ந்து எம்புவது, இடிப்பது, தள்ளுவது, தாக்குவது ஆகியவை உண்டு. வேண்டுமென்றே தலையால் முட்டுவது தாக்குவதில் அடங்கும். இவற்றில் ஏதாவது ஒன்றைக் கவனக்குறைவாகவோ, பொறுப்பின்றியோ, மிதமிஞ்சிய வேகத்தோடோ செய்திருந்தால்தான் நேரடி ஃப்ரீ கிக் (நேராகக் கோலுக்குள் அடிக்கலாம்). ஆகவே "மோதினார்களா?" என்று கேட்காதீர்கள். மோதியது எல்லோருக்கும் தெரியும். மோதலுக்கு முன்பு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நான் கேட்டுக்கொள்ளும் வரிசை இது.

முதலில், இருவரும் ஒரே அணியா? கேட்கவே வேண்டாத கேள்வி போலத் தோன்றும். பதற்றத்தில் இதையும் மறப்பார்கள். 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பர் அலிரேசா பெய்ரான்வாண்ட் தன் அணியின் மஜித் ஹொசைனியோடுதான் மோதினார். அங்கே ஃபவுல் என்ற பேச்சே இல்லை. இருப்பது காயம் மட்டும்.

அடுத்து, இடம் யாருடையது? களத்தில் தான் நிற்கும் இடத்தின் மீது ஒவ்வொரு வீரருக்கும் உரிமை உண்டு. நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எம்பியவர் ஒருவர், ஓடிவந்து குறுக்காகப் பாய்ந்தவர் இன்னொருவர் என்றால், மோதலைக் கொண்டுவந்தவர் யார் என்பதில் குழப்பம் இருக்காது. பாதங்களைப் பாருங்கள். எம்பிய இடத்திலேயே இறங்குபவர் மேலே போனவர். எம்பிய இடத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, எதிராளி நின்ற இடத்தில் இறங்குபவர் ஆள்மேல் போனவர்.

மூன்றாவது, பந்தை யார் முதலில் தொட்டார்? பெரும்பாலான தலை மோதல்களை இந்த ஒரு கேள்வியே தீர்த்துவிடும். முன்னவர் பந்தை முட்டி அனுப்பிவிட்டார். பின்னவரின் நெற்றி அதன் பிறகு அவர் பின்மண்டையில் போய் இடிக்கிறது. பின்னவர் பந்தைத்தான் பார்த்தார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஃபவுல்தான். எண்ணத்தை விதி கேட்பதில்லை. முன்னெச்சரிக்கையோடு நடந்துகொண்டாரா என்றுதான் கேட்கிறது. முன்னால் ஒரு ஆள் இருப்பது தெரிந்தும், எட்டாத பந்துக்குப் பாய்வதுதான் கவனக்குறைவு.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "நான் பந்தைத் தொட்டேன் சார்" என்று சிலர் வருவார்கள். பந்தைத் தொட்டது மன்னிப்புச் சீட்டு ஆகாது. எதிராளியின் முகத்தை ஊடுருவிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டிருந்தால் அதுவும் ஃபவுல்தான்.

நான்காவது, கைகள். தலைகள் மோதிய சத்தத்தில் கைகளை மறந்துவிடுவோம். பின்னவர் முன்னவரின் தோளில் கை ஊன்றி ஏறினாரா? எம்பும்போது கை விரிவது இயல்பு. உடம்பைச் சமநிலையில் வைக்க அது தேவை. அந்தக் கை முகத்தை நோக்கி வீசப்பட்டதா, முழங்கை எதிராளியின் கன்னத்தில் பதிந்ததா என்று பாருங்கள். "தலையும் தலையும்தான் மோதின" என்று எல்லோரும் சொன்ன மோதலில், உண்மையில் இடித்தது முழங்கை என்பதைப் பக்கவாட்டில் நின்றதால் மட்டுமே ஒருமுறை பார்க்க முடிந்தது.

ஐந்தாவது, குனிந்த தலை. இடுப்பு உயரத்தில் வரும் பந்தை ஒருவர் குனிந்து தலையால் முட்டப் போகிறார். மற்றவர் அதே பந்தைக் காலால் உதைக்கப் போகிறார். ஆபத்தான ஆட்டம் என்ற குற்றம் பிறருக்கு மட்டுமல்ல, தனக்கே காயம் விளைவிக்கும் செயலையும் உள்ளடக்கியது. உதைப்பதற்கு இயல்பான உயரத்தில் இருக்கும் பந்துக்குள் தலையை விட்டவர் தன்னையே ஆபத்தில் வைத்தவர். மற்றவர் பயந்து காலை இழுத்துக்கொண்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேராகக் கோல் போட முடியாதது). மாறாக, நெஞ்சு உயரத்துக்குக் காலைத் தூக்கித் தலையில் உதைத்துவிட்டால் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. அது மறைமுக ஃப்ரீ கிக்கோடு நிற்காது, உதைத்தவர் மீது நேரடி ஃப்ரீ கிக்.

இத்தனையும் கேட்ட பிறகு, இருவரும் ஒரே நேரத்தில் வந்தார்கள், இருவருக்கும் பந்து எட்டியது, இருவரும் நேராகவே எம்பினார்கள் என்றால் அது விபத்து. ஃபவுல் இல்லை. இதைச் சொல்லத் துணிவு வேண்டும். தரையில் இருவர் கிடக்கும்போது "யார் மீதும் தவறில்லை" என்பது இரக்கமற்ற பேச்சாகக் கேட்கும். ஆனால் யாரையாவது குற்றவாளியாக்குவதால் கீழே கிடப்பவருக்கு ஒரு நன்மையும் இல்லை.

கோல்கீப்பர் வந்தால்

பந்தைக் கையில் பிடித்து வைத்திருக்கும்போது கோல்கீப்பரோடு யாரும் போட்டியிடக் கூடாது. அந்தப் பாதுகாப்பு அதோடு முடிகிறது. வானத்திலிருக்கும் பந்துக்கு வெளியேறி வரும்போது அவருக்கும் மற்றவர்களுக்குள்ள அதே விதிதான். முழங்காலைத் தூக்கிக்கொண்டு, முஷ்டியை முன்னால் நீட்டி, பத்து மீட்டர் ஓட்டத்தின் வேகத்தோடு வரும் ஒருவர் அந்தப் பகுதியிலேயே மிகவும் ஆபத்தானவர் என்பதைப் பல நடுவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1982 உலகக் கோப்பை அரையிறுதியில் செவில் நகரில் மேற்கு ஜெர்மனியின் ஹரால்ட் ஷூமாக்கர் எதிரே ஓடிவந்த பிரான்ஸ் வீரர் பாட்ரிக் பாட்டிஸ்டோனை இடுப்பால் முகத்தில் இடித்தார். பாட்டிஸ்டோன் நினைவிழந்தார், பற்கள் போயின. நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. கோல் கிக்கோடு ஆட்டம் தொடர்ந்தது. 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனி கோல்கீப்பர் மானுவேல் நோயர் பெனால்டி பகுதிக்குள் பாய்ந்து பந்தைக் குத்தினார். அதே வேகத்தில் அர்ஜென்டினாவின் கொன்சாலோ இகுவைனின் தலையிலும் மோதினார். ஃப்ரீ கிக் ஜெர்மனிக்குக் கிடைத்தது. நோயர் பந்தை முதலில் தொட்டார் என்பது உண்மை. ஆனால் பந்தைப் பார்த்தபடி முதுகுப்புறம் திரும்பி ஓடிய இகுவைன் என்ன குற்றம் செய்தார் என்று எத்தனை முறை பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. இந்த இரண்டு காட்சிகளையும் தேடிப் பாருங்கள். கோல்கீப்பர் என்ற சொல்லை மறந்துவிட்டு, வேகமாக வந்த ஒருவர், அடி வாங்கிய ஒருவர் என்று மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிப் பழகுங்கள்.

அட்டை

கவனக்குறைவுக்கு ஃப்ரீ கிக் மட்டும், அட்டை இல்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்பதைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள். தேவைக்கு மிஞ்சிய வேகத்தில் போய் அவருடைய பாதுகாப்பையே ஆபத்தில் தள்ளினால் சிவப்பு. தாமதமாக எம்பி நெற்றியால் இடித்தவருக்கு ஃப்ரீ கிக் போதும். எட்டாத பந்து என்று தெரிந்தும் நீண்ட ஓட்டத்தின் வேகத்தோடு ஆள்மேல் பாய்ந்தவருக்கு மஞ்சள். கோபத்தில் தலையால் முட்டுவது வேறு வகை: அது வன்முறை, முட்ட முயன்றாலே சிவப்பு, பட்டதா படவில்லையா என்ற வாதத்துக்கு இடமில்லை. பந்துக்கான போட்டி இல்லாதபோது வேண்டுமென்றே ஒருவரின் தலையிலோ முகத்திலோ கையால் அடிப்பதும், அடி மிக மிக லேசாக இருந்தாலொழிய, வன்முறைதான்.

காயத்தின் அளவைப் பார்த்து அட்டையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2017 ஜனவரி 22 அன்று செல்சீயின் கேரி கேஹிலோடு தலை மோதியதில் ஹல் சிட்டியின் ரயன் மேசனுக்கு மண்டை ஓடு உடைந்தது. அடுத்த ஆண்டு, 26 வயதிலேயே, ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதற்காக கேஹிலைக் குற்றவாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருவரும் பந்துக்காகவே எம்பினார்கள்.

அடிபட்டவர்

இந்த இடத்தில் நடுவருடைய வேலை மருத்துவம் பார்ப்பதல்ல. மருத்துவம் பார்ப்பவருக்கு நேரமும் இடமும் உண்டாக்கித் தருவது. கூட்டம் சேரவிடாதீர்கள். அசைவற்றுக் கிடப்பவரை யாரும் தூக்கவோ புரட்டவோ உட்கார வைக்கவோ விடாதீர்கள். தலையில் பட்ட அடி கழுத்திலும் பட்டிருக்கலாம். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பும் பழக்கம் நம் மைதானங்களில் இன்னும் இருக்கிறது. அதைத் தடுங்கள்.

நினைவிழப்பு, வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, இரட்டைப் பார்வை, கழுத்து வலி, கைகால்களில் பலவீனம் அல்லது மரத்துப்போதல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, திடீரென்று ஆவேசமாக நடந்துகொள்வது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ஆட்டம் தாமதமாகும் என்று எந்த அமைப்பாளர் முனகினாலும் கேட்காதீர்கள்.

இப்படிப் பெரிய அறிகுறி எதுவும் இல்லாதபோதுதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. மூளை அதிர்ச்சிக்கு (கன்கஷன்) ஆளாகும் பலர் மயங்கி விழுவதே இல்லை. மருத்துவர்கள் கேட்கும் சில எளிய கேள்விகளை நீங்களும் கேட்கலாம்: இது எந்த மைதானம்? இப்போது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகக் கோல் போட்டது யார்? போன ஆட்டத்தில் யாரோடு ஆடினீர்கள்? பதில் தடுமாறினால் அவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. பதில் சரியாக வந்தாலும் அது நற்சான்றிதழ் அல்ல. முகம் வெறித்திருந்தால், நடை தள்ளாடினால் வெளியே அனுப்பச் சொல்லுங்கள்.

2014 இறுதியாட்டத்தில், 17ஆம் நிமிடத்தில், அர்ஜென்டினாவின் எசெகியெல் கராயின் தோள் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமரின் முகத்தில் இடித்தது. கிராமர் எழுந்து மேலும் ஏறக்குறைய கால் மணி நேரம் ஆடினார். ஆடிக்கொண்டே நடுவர் நிக்கோலா ரிசோலியிடம் போய், இது இறுதியாட்டம்தானா என்று கேட்டார். ரிசோலி அதை ஜெர்மன் வீரர்களிடம் சொன்ன பிறகுதான் கிராமர் வெளியே போனார். உலகத்திலேயே பெரிய ஆட்டத்தில், உலகத்திலேயே சிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தும், அதை முதலில் உணர்ந்தவர் நடுவர். உங்கள் மைதானத்தில் மருத்துவரே இருக்க மாட்டார். அப்படியானால் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

மோதலில் இருவர் இருந்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். 2020 நவம்பர் 29 அன்று ஆர்சனல் மைதானத்தில் வுல்வ்ஸ் அணியின் ரவுல் ஹிமெனெஸும் ஆர்சனலின் டேவிட் லூயிஸும் மோதினார்கள். மண்டை ஓடு உடைந்த ஹிமெனெஸைத் தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். லூயிஸ் தலையில் கட்டோடு இடைவேளை வரை ஆடினார். எல்லோருடைய கவனமும் ஒருவர் மேல் குவியும்போது, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும் இன்னொருவரின் தலையும் அதே அடியைத்தான் வாங்கியிருக்கிறது. இது நடந்து ஐந்தே நாளில் கான்பராவில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட, அவருக்குப் பதிலாகச் சஹல் இறங்கினார். நடராஜனின் முதல் சர்வதேச டி20 ஆட்டம் என்பதால் நம்மவர்கள் பலருக்கு அது நினைவிருக்கும். கிரிக்கெட்டில் நாம் அப்போதே பழகிவிட்ட கன்கஷன் மாற்று வீரர் முறை, கால்பந்தில் 2021 முதல் சோதனையாக நடந்து, 2024 ஜூலையில்தான் போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதிகளுக்குள் வந்தது. உங்கள் போட்டியில் அது உண்டா என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள்.

பொதுவாக, சிகிச்சை பெறும் வீரர் வெளியே போய், ஆட்டம் தொடங்கிய பிறகே திரும்ப வேண்டும். காயம் கடுமையானது என்றாலும், கோல்கீப்பர் அடிபட்டாலும், ஒரே அணியினர் இருவர் மோதினாலும் இந்த விதிக்கு விலக்கு உண்டு, களத்திலேயே பார்க்கலாம். ரத்தம் வந்தவர் எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும். ரத்தம் நின்றது, உடையில் ரத்தம் இல்லை என்று நீங்கள் பார்த்த பிறகு, உங்கள் சைகையின் பேரில்தான் உள்ளே வரலாம்.

மீண்டும் தொடங்குவது

ஃபவுல் என்றால் அந்த இடத்தில் ஃப்ரீ கிக். தடுப்பவர் தன் பெனால்டி பகுதிக்குள் செய்த நேரடி ஃப்ரீ கிக் குற்றம் என்றால் பெனால்டி. விபத்து என்றால் டிராப் பால், அதாவது நடுவர் பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. நிறுத்தியபோது பந்து பெனால்டி பகுதிக்குள் இருந்தால், தடுக்கும் அணியின் கோல்கீப்பருக்கு. வெளியே இருந்தால் பந்தை வைத்திருந்த அணிக்கு. அது தெளிவாகத் தெரியாவிட்டால் கடைசியாகத் தொட்ட அணிக்கு. மற்றவர்கள் எல்லோரும் 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். போன நேரத்தை முழுதாகச் சேர்த்துக் கொடுங்கள். ஈரான் ஆட்டத்தின் முதல் பாதியில் 14 நிமிடம் சேர்த்தார்கள். உங்கள் ஆட்டத்தில் ஐந்து நிமிடம் சேர்க்கத் தயங்க வேண்டாம். நேரம் கிடைக்கும் என்று தெரிந்தால், அடிபட்டவரை அவசரப்படுத்தும் குரல்கள் தாமாகவே அடங்கும்.

ஆட்டம் முடிந்த பிறகு

உங்கள் குறிப்பேட்டில் நிமிடம், இரு வீரர்களின் எண், எந்த இடத்தில் அடி, யார் பார்த்தார், வெளியேறினாரா என்பதை எழுதுங்கள். பிறகு அந்தப் பையனின் அல்லது பெண்ணின் பெற்றோரைத் தேடிப் போங்கள். பெற்றோர் வராவிட்டால் பொறுப்பாசிரியர். அறிகுறிகள் அன்றிரவோ அடுத்த நாளோ கூட வெளிப்படலாம் என்று சொல்லுங்கள். தனியாக விட வேண்டாம், வண்டி ஓட்ட விட வேண்டாம், தலைவலி கூடினால் காலை வரை காத்திருக்க வேண்டாம். பிரிட்டனில் 2023இல் அடித்தள விளையாட்டுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், மூளை அதிர்ச்சிக்குப் பிறகு முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, குறைந்தது 21 நாள் போட்டியில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கையும் சொல்லுங்கள்.

"அடுத்த வாரம் அரையிறுதி இருக்கிறதே" என்பார்கள். அப்போது 21 என்ற எண்ணை ஒரு தாளில் தேதியோடு எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.